அமெரிக்கா வழியாக ஜேர்மன்

“மாமி, என்ர கசெற் எங்க எண்டு கேட்டா, நீங்கள் குழம்புக்கு உப்புக் காணாது எண்டு சொல்லுறியள்…”

“உப்புக் காணாதுதானே! என்ர தம்பி வீட்டில ஒரு கசெற் எடுக்கிறதுக்கு நான் உன்னட்ட…”

“அதில நான் கதைச்சுப் பதிஞ்சு வைச்சனான் மாமி! அமெரிக்காவுக்கு அனுப்ப வைச்சது!”

“…உன்னட்ட மனுப் போடவேணுமோ? கதைச்சு வைச்சவவாம்! போட்டுப் பாத்தன். கொதிச்ச எண்ணெயில தண்ணி தெளிச்ச மாதிரி ஏதோ சத்தம். பழுதான கசெற் எண்டெல்லே நினைச்சன்.”

“அது ஜேர்மன் மாமி!”

“அதைத்தான் நானும் சொல்லுறன், பழுது எண்டு.”

யோகம்மா குசினியில் அறக்குளா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை. இரண்டு பேரில் யார் தோற்றாலும் அவளுக்கு நட்டமில்லை. ஒருத்தி பெற்ற மகள் நீலா, மற்றவள் புருஷன் வல்லிபுரத்தின் தமக்கை பத்மாசனி. யோகம்மாவின் கணக்கில் முதலாமவள் விசரி, இரண்டாமவள் சத்தம். இந்த உலகத்தில் மதிப்புக் கொடுக்கத்தக்கதாக யோகம்மாவின் கையில் இதுவரை எதுவும் அகப்பட்டதில்லை. துபாய்க்கு வந்த அன்று விமானநிலையத்துக்கு வெளியில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “இதுக்குத்தானோ இவ்வளவு தூரம்?” என்று கேட்டவள் அவள்.

“மாமி, ஆருக்கு அனுப்பினனீங்கள்?” நீலாவின் குரல் இறங்கிவிட்டது.

“ஜேர்மனிக்கு. எங்கட பத்மநாதனுக்கு. உன்ர நல்லதுக்குத்தான் அனுப்பினது. பொறுத்திருந்து பார்.”

துபாயின் சத்வாப் பகுதியில் அப்போது கடிதம் எழுதுகிற யாழ்ப்பாணத்தவர்கள் குறைந்துகொண்டு வந்த காலம். றேடியோவில் கசெற்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமத்தி, சுகம் விசாரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, அந்தச் சிந்தலையும் சேர்த்துத் தபாலில் போட்டுவிடுவார்கள். பத்மாசனி அதில் கெட்டிக்காரி. அவளுடைய புருஷன் தியாகராசா றுவைஸ் கம்பனி காம்பில் கிடந்தார். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து போவார். மற்ற நாட்களில் பத்மாசனிக்குக் கதைக்க ஆள் கிடையாது. யோகம்மா அவளோடு கதைப்பதில்லை, பதில் மட்டும் சொல்வாள். ஆகவே பத்மாசனி கசெற்றோடு கதைத்தாள். றேடியோவுக்குப் பக்கத்தில் எந்தக் கசெற் கிடந்தாலும் அது அவளுக்கு வெறும் கசெற்தான். கல்யாண வீட்டு நாதஸ்வரம், கோயில் பிரசங்கம், எல்லாவற்றின் தலையிலும் ஏறி இருந்து அவள் சுகம் விசாரித்திருக்கிறாள்.

பத்மநாதன் தியாகராசாவின் மருமகன், தங்கச்சி பெற்ற பிள்ளை. அகதியாக மேற்கு ஜேர்மனிக்குப் போய் மூன்று வருஷம். பத்மாசனிக்கு அவன் கையில் ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். வீட்டில் ஒரு பெண் இருந்தது.

பத்மாசனி பின்னேரத் தொழுகைச் சத்தம் கேட்டு எழும்பிப் பால்க்கடைக்குப் போன பிறகு, யோகம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“என்னடி உந்தப் பெரிய சாமான் துலைஞ்சுபோச்சு?”

“உங்களுக்குச் சொன்னனானம்மா. கொலிஜில ஜேர்மன் படிப்பிக்கிற மிஸிஸ் எழுதினவ. பத்து நிமிசம் கதைச்சு அனுப்பு, அதைக் கேட்டுப்போட்டு உன்னை எந்த வகுப்பில போடுறது எண்டு சொல்லுறன் எண்டு. பங்குனி முடிய முதல் போய்ச் சேரவேணும்.”

“எந்தக் கொலிஜ்? அந்த ஊர்ச்சனம் எல்லாம் போற கொலிஜோ?”

“கொம்யூனிற்றி கொலிஜ்.”

“அதுதான். வாறவன் போறவன் எல்லாருக்கும் கதவு திறந்து வைச்சிருக்கிற இடம். கடைக்காரன் பின்னேரம் கடையைப் பூட்டிப்போட்டுப் போய்ப் படிக்கிறானாம், கிழவியள் வந்து பூக்கட்டப் படிக்கினமாம். நீதானே சொன்னனி. அதுக்குள்ள போய் இருந்துகொண்டு நீ ஜேர்மன் படிக்கப் போறாய். அமெரிக்காவில. ஜேர்மன். சோனகத்தெருவில போய்ப் பன்றி இறைச்சி கேட்ட கதை.”

“ரெண்டு வருசம் அங்க. பேந்து யூனிவேர்சிற்றிக்கு மாறிப் போய் மூண்டாம் வருசத்தில சேர்றது. பட்டம் யூனிவேர்சிற்றி தரும். எங்க துவங்கினனி எண்டு அதில எழுதாது.”

“மலிவு ரிக்கெற் எடுத்துக் கராச்சியில கிடந்து போற மாதிரி.”

“ஓம், அப்பிடித்தான்.” நீலாவுக்குத் தாயின் ஏளனத்தைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கத் தெரியும். “கராச்சியில எத்தினை மணித்தியாலம் கிடந்தாலும் பெட்டி நேரா கொழும்புக்குப் போயிடும் எல்லே? ஆனா துபாயில வைச்சே அதுக்குத் துண்டு கட்டியிருக்கவேணும். துண்டு கட்டாத பெட்டி கராச்சியில நிண்டுபோம். பாடங்களும் அப்பிடித்தானம்மா. இந்தப் பாடத்தை எடுத்தா யூனிவேர்சிற்றி ஏற்கும், அதை எடுத்தா ஏற்காது. பூக்கட்டுறதை எடுத்தா அங்கயே நிண்டுபோம். நான் துண்டு கட்டின பாடம் மட்டுந்தான் எடுப்பன்.”

“அப்ப அந்தக் கசெற்?”

“கனக்கக் கொலிஜில ஜேர்மன் முதல் வருசம் மட்டுந்தான் இருக்கு. ரெண்டாம் வருசத்துக்குப் பிள்ளையள் காணாது எண்டு நிப்பாட்டிப்போடுவாங்கள். ரெண்டாம் வருசமும் நடத்திற கொலிஜ் தேடிப் பிடிச்சு எழுதினனான். அந்த மிஸிஸ் என்னை நேரா ரெண்டாம் வருசத்தில போட்டா, யூனிவேர்சிற்றிக்குப் போகேக்க நான் அங்கத்தப் பிள்ளையளுக்குப் பின்னால நிக்கமாட்டன்.”

யோகம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜுமைராவில் ஒரு ஜேர்மன் எஞ்சினியர் வீட்டில் பின்னேரங்களில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாலு வருஷமாகப் போய்வந்தவள். அந்தப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்தே அந்தப் பாஷையையும் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். 

“உலகத்தில எத்தினையோ பாஷை கிடக்க, காறித் துப்புற பாஷை ஏனடி உனக்கு?”

“அவங்களும் எங்களை மாதிரிக் கதைப்பாங்களம்மா. நீட்டி நீட்டிக்கொண்டு போய்க் கடைசியிலதான் விசயத்தைச் சொல்லுவாங்கள். அந்த ஆள் அடிக்கப் போறானோ அணைக்கப் போறானோ எண்டு முடியுமட்டும் காத்துக்கொண்டிருக்கவேணும். எனக்கு அது விருப்பம்.”

“உன்ர கொப்பரும் அப்பிடித்தான் கதைக்கிறவர். அவர் கடைசியிலயும் சொல்லமாட்டார்.”

கொப்பர் வல்லிபுரம் ஒரு கட்டடக் கம்பனியில் ஸ்ரோர் கீப்பர். ஆணியையும் பலகையையும் எண்ணி எண்ணி மனிதர் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கப் பழகிவிட்டார். யார் கடைசியாகக் கதைத்தார்களோ அவர்களுடைய அபிப்பிராயந்தான் அவருடைய அபிப்பிராயம். அன்றிரவு கடைசியாகக் கதைத்தவள் பத்மாசனி.

“தம்பி, பெட்டையைத் தனிய அமெரிக்காவுக்கு விட்டுப்போட்டு நீ இஞ்ச நித்திரை கொள்ளுவியோ? ஊருக்கும் போக ஏலாது, சண்டை. இந்த நாட்டில எங்கட பிள்ளையளுக்கு மேல படிக்க இடமும் இல்லை. கட்டிக் குடுக்கிறதுதான் ஒழுங்கு. ஜேர்மனியில இருந்து பதில் வரட்டும். அதுமட்டும் உந்தக் கசெற் கிசெற் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லு.”

“பதில் வரட்டும் பிள்ளை,” என்றார் வல்லிபுரம் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

“அப்பா, பங்குனி முடிஞ்சா அடுத்த வருசந்தான் அப்பா!”

“வரட்டுமே.”

எது வரட்டும் என்று அவருக்கே தெரியாது. நீலா தாயைப் பார்த்தாள். யோகம்மா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இந்தச் சுற்றுவழிப் படிப்பில் அவளுக்கும் நம்பிக்கை இல்லை. ஜேர்மனி மாப்பிள்ளையிலும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு ஒதுக்கி வைத்தாள். அடுத்த நாள் அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளை, கலண்டரின் பின்பக்கத்தில் நீலா பாடங்களைக் கட்டம் போட்டு எழுதி அம்புக்குறியால் இணைத்து வைத்திருந்த அந்தத் தாளை, கிழிக்கவும் இல்லை. எண்ணெய் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது என்று இரண்டு சாண் தள்ளி ஒட்டினாள். கேட்டவருக்கு, “சுவர் பழுதாப் போகும்,” என்றாள்.

பதில் பங்குனி நடுவில் வந்தது. கசெற்தான். வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் லீவு நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து தியாகராசாவும் றுவைஸிலிருந்து வந்திருந்தார். வந்தவர் சாய்ந்த கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். பத்மாசனி குளித்து, நல்ல சீலை உடுத்து, றேடியோவைக் கூடத்தின் நடுவில் வைத்து, சுவாமிப் படத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமத்தினாள்.

“மாமாவுக்கும் பத்மாசனி மாமிக்கும், வல்லிபுரம் மாமாவுக்கும், யோகம் மாமிக்கும் பத்மநாதன்ர வணக்கம். இஞ்ச சரியான குளிர். நான் சுகம்…”

“பாத்தியோ, எல்லாற்ற பேரையும் முறையாச் சொல்லுறான்,” என்றாள் பத்மாசனி.

“தபால்காரனும் சொல்லுவான்,” என்றாள் யோகம்மா.

“…மாமி, உங்கட கசெற் கிடைச்சுது. நீங்கள் கதைச்சு முடிய, உடன ஒரு பொம்பிளைப்பிள்ளை ஜேர்மனில கதைக்குது! எங்கட விடுதியில இருக்கிற பெடியள் எல்லாரும் கூடிட்டாங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் வந்து மூண்டு வருசம், ‘காலை வணக்கம்’, ‘எனக்குத் தெரியாது’, இந்த ரெண்டையும் வைச்சே சமாளிக்கிறன். என்னத்துக்கு மண்டையைப் போட்டு உடைப்பான்? ஹா ஹா. பேந்து எங்கட கேஸ் பாக்கிற கந்தோர் அம்மாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினன். அவ கேட்டுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. இந்தப் பிள்ளை எங்க படிச்சது, எங்கட சில பிள்ளையளைவிட வடிவாக் கதைக்குது எண்டு இங்கிலீசில சொன்னவ…”

பத்மாசனி பொத்தானை அமத்தி நிறுத்தினாள். வெற்றியை விழுங்க நேரம் வேண்டியிருந்தது. “அண்டைக்கு என்னோட சண்டைக்கு வந்தாய்! இப்ப என்ன சொல்லுறாய்? நான் அந்தக் கசெற்றை எடுத்திராட்டில் உன்ர ஜேர்மன் ஜேர்மனிக்குப் போயிருக்குமோ?”

நீலா சுவரோடு சாய்ந்து நின்றாள். மாமி மறுபடியும் அமத்தினாள்.

“…அதாலதான் சொல்லுறன். நீலா உடன வரவேணும். எனக்குச் சீதனம் கீதனம் ஒண்டும் வேண்டாம். வைகாசியில என்ர கேஸ் விசாரணை. மொழிபெயர்க்கிறதுக்கு அவங்கள் ஒராளைப் போடுவாங்கள், அவன் என்ர கதையை மாத்திச் சொல்லிப்போடுவான். சொந்த மனுசி எண்டால் நான் ஒண்டு சொல்ல, அவ நாலு சேத்துச் சொல்லுவா. பேந்து எங்கட பெடியளின்ர கேசுகளுக்கும் போகலாம், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறாங்கள். அந்த அமெரிக்கப் படிப்பை விடச் சொல்லுங்கோ. உவ்வளவு தெரிஞ்ச பிறகு இனி என்னத்தைப் படிக்கிறது? அமெரிக்காவில போய் ஜேர்மன் படிக்கிறதாம்! பெடியள் சிரிச்ச சிரிப்பு. கிழக்கு பெர்லினுக்கு மட்டும் ரிக்கெற் போட்டு ஏத்திவிடுங்கோ. அங்கயிருந்து ரயிலில இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வர எனக்கு ஆள் இருக்கு…”

“சீதனம் வேண்டாமாம்!” பத்மாசனி புருஷனைத் தட்டினாள். “இஞ்சாருங்கோ, கேட்டியளே? சீதனம் வேண்டாமாம்!”

“அச்சா,” என்றார் தியாகராசா கண்ணைத் திறக்காமல். காம்பில் பழகிய சொல்.

“நல்ல பெடியன்போலதான் கிடக்கு,” என்றார் வல்லிபுரம்.

“நான் பகிடி பண்ணினா அது நான் பெத்த பிள்ளை, சிரிக்க இவங்கள் ஆர்?” என்று யோகம்மா தனக்குள் முணுமுணுத்தாள். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. உரத்து, “அமெரிக்கா வழியாப் போறது சுத்துவழி. கிழக்கு பெர்லினில இறங்கி, ஆரோ ஒருத்தன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ரயிலேறிறது நேர்வழியோ?” என்று கேட்டாள்.

“எல்லாரும் அப்பிடித்தானே போகினம் யோகம்,” என்றாள் பத்மாசனி.

“எல்லாரும் போற கொலிஜ் எண்டு நீங்கள்தானே மூக்கைச் சுழிச்சனீங்கள்?”

சொன்ன பிறகுதான், மூக்கைச் சுழித்தது தானேதான் என்று அவளுக்கு நினைவு வந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கசெற் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“…யோகம் மாமிக்கு மட்டும் ஒண்டு சொல்லவேணும். சொல்லக் கூடாது, ஆனா நான் இனி உங்கட பிள்ளை மாதிரித்தானே. நீலா அந்தக் கசெற்றில உங்களைப் பற்றித்தான் கதைச்சிருக்கிறா. அம்மா ஆரையும் மதிக்கமாட்டா எண்டு வெள்ளைக்காரிக்கு முன்னால சொல்லியிருக்கிறா மாமி. கந்தோர் அம்மா அதுக்குத்தான் சிரிச்சவ. எனக்கு மனவருத்தமாப் போச்சு. இஞ்ச வந்த பிறகு நான் திருத்தி எடுப்பன், நீங்கள் யோசிக்காதேங்கோ…”

பத்மாசனி கசெற்றை நிறுத்தினாள். இந்தத் தடவை அது ருசிப்பதற்காக அல்ல, பயத்தில். வல்லிபுரம் செருப்பைத் தேடினார்.

“இஞ்ச வா,” என்றாள் யோகம்மா.

நீலா வந்தாள்.

“சொன்னனியோ?”

“ஓம்.”

“என்ன சொன்னனி? தமிழில சொல்லு. ஒரு சொல்லும் விடாதை. எனக்காக மெதுப்படுத்தினாத் தெரியும்.”

“‘உன்ர வீட்டு ஆள் ஒருத்தரைப் பற்றிக் கதை’ எண்டு மிஸிஸ் கேட்டவ. நான் சொன்னன்… என்ர அம்மாவுக்கு நாலு பாஷை தெரியும். தமிழ், சிங்களம், இங்கிலீஸ், கடைத்தெரு ஹிந்தி. நாலிலயும் அவ ஒருத்தரையும் மதிக்கமாட்டா. அவ ஒராளைப் பற்றி ஒரு வசனம் சொன்னா, பேந்து அந்த ஆள் எங்கட வீட்டுக்கு வந்து கதிரையில இருக்கேக்க, எனக்கு அந்த ஆள் தெரியாது, அந்த வசனந்தான் இருக்கிறமாதிரித் தெரியும். ஒரு சொல்லால இப்பிடிச் செய்யலாம் எண்டு எனக்கு அவவிட்டத்தான் தெரியவந்தது. அதாலதான் நான் பாஷை படிக்க வெளிக்கிட்டனான்.”

சன்னலில் ஏசி உறுமியது. பத்மாசனி தான் இருந்த கதிரையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“இவ்வளவுந்தானோ?”

“இவ்வளவுந்தான்.”

“பிழையொண்டும் இல்லை,” என்றாள் யோகம்மா. “கந்தோர்க்காரி எந்த இடத்தில சிரிச்சிருப்பாள்?”

“கதிரை வாற இடத்திலயாக்கும்.”

“ம். அவளுக்குக் கொஞ்சம் மூளை இருக்கு.”

“யோகம்!” பத்மாசனிக்குப் போன தைரியம் திரும்பி வந்தது. “பெத்த தாயை வெள்ளைக்காரிக்கு முன்னால உரிச்சு வைச்சிருக்கிறாள், நீ மூளையை அளக்கிறாய்! அந்தப் பெடியன் எவ்வளவு பாசத்தில உனக்கு ஒளிக்காமல் சொன்னவன்…”

“மச்சாள், கட்ட முதலே மாமிக்குக் கோள் மூட்டுறவன், கட்டின பிறகு ஆருக்கு மூட்டுவான்? பெட்டைக்கு என்னைப் பற்றி மூட்டுவான். பேந்து பெட்டையைப் பற்றித் தாய்க்காரிக்கு மூட்டுவான். மூண்டு வருசமாக் ‘காலை வணக்கத்தோட’ நிக்கிறான். அந்த ஊரில மழை பெய்யுதெண்டு சொல்லவும் அவனுக்கு ஒராள் வேணும். அவன் தேடுறது பொம்பிளையில்லை, நாக்கு. திருத்தி எடுக்கப் போறானாம்! ஆரை? நான் பதினெட்டு வருசமாத் திட்டித் திட்டிச் செதுக்கின பிள்ளையை!”

“நீதானே அந்தப் படிப்பும் வேண்டாமெண்டு நிண்டனி!”

“இப்பவும் எனக்கு அந்தப் படிப்பில ஒரு மண்ணும் விளங்கேல்லை. பூக்கட்டுற கிழவியளோட இருந்து படிச்சு, மாறிப் போய், என்னத்தையோ வாங்கட்டும். ஆனா அவள் எந்தப் பெட்டிக்குத் துண்டு கட்டவேணும் எண்டு பாத்துக் கட்டிக்கொண்டு போறாள். உவன் அவளையே பெட்டியா நினைச்சுக் கட்டித் தூக்கி எறியச் சொல்லுறான்.” அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “செருப்புத் தேடினனீங்கள்தானே? போட்டுக்கொண்டு போங்கோ. பின்னேரம் கடை திறக்க ஒரு புதுக் கசெற் வாங்கிக்கொண்டு வாங்கோ, நல்லது. பிள்ளை இண்டைக்கே திருப்பிப் பதியவேணும். நாளைக்குத் தபால். பேந்து விசாவுக்கு அமெரிக்கக் கந்தோருக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போறது.”

வல்லிபுரம் தமக்கையைப் பார்த்தார். தமக்கை வாயைத் திறக்கப் போனாள்.

“இண்டைக்குக் கடைசியாக் கதைக்கிறது நான்,” என்றாள் யோகம்மா. “அதையும் விளங்கிக்கொண்டு போங்கோ.”

“ஓம் ஓம். கடை நாலு மணிக்குத் திறக்கும்,” என்றார் வல்லிபுரம், அது தன்னுடைய யோசனை என்பதுபோல.

“என்னம்மா கதைக்க இந்த முறை?” நீலா கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“முந்திக் கதைச்சதையே கதை. கொப்பரைப் பற்றியும் ரெண்டு வசனம் சேர், பத்து நிமிசத்துக்குக் காணாட்டில். மூக்கைத் துடை, மிஸிஸுக்குச் சிந்தல் கேக்கும்.”

“அப்ப என்ர பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுறது?” பத்மாசனி அழத் தொடங்கியிருந்தாள். அது பொய் அழுகை அல்ல. பத்மநாதனுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கசெற்றில் கதைத்துக் கதைத்து அந்தக் கல்யாணத்தை அவள் ஏற்கெனவே பாதி நடத்தி முடித்திருந்தாள். “காத்துக்கொண்டிருப்பான் யோகம். நான் எந்த வாயால சொல்ல?”

“நீங்கள் சொல்லவேண்டாம். என்ர பேரைத்தானே சொல்லிக் கதைச்சவன், நான் சொல்லுறன்.”

யோகம்மா றேடியோவைத் தன் பக்கம் இழுத்தாள். பத்மநாதனின் கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றினாள். அது சுற்றி முடிந்து டக்கென்று நிற்கும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியாகராசாகூடக் கண்ணைத் திறந்துவிட்டார். பிறகு சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமத்தி, அவனுடைய வணக்கம் இருந்த இடத்தின் மேலேயே, வாயைக் கிட்ட வைத்து, ஒரு குறையும் இல்லாத மரியாதையோடு சொன்னாள்:

“தம்பி பத்மநாதன், உமக்கு ஜேர்மன் தெரிஞ்ச மனுசிதான் வேணுமெண்டால் அந்தக் கந்தோர் அம்மாவையே கேட்டுப் பாரும், அவவுக்கு என்ர மகளைவிட நல்லாத் தெரியும்.”